பவணந்தி முனிவர்: பாடத்திற்கு முன் ஒரு பாடம்

தமிழ் இலக்கணம் பயின்றோர், எச்சமயத்தவராயினும், நன்னூலைக் கடந்தே வந்திருப்பர். அதனை இயற்றியவர் ஓர் அருக நெறித் துறவி என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

பவணந்தி முனிவர் சனகாபுரத்துச் சன்மதி முனிவரின் வழி வந்தவர். சன்மதியாரின் மைந்தர் என்பாரும் மாணாக்கர் என்பாரும் உளர். சனகாபுரம் கொங்கு நாட்டுச் சீனாபுரமே என்பர் ஒரு சாரார். மைசூர்ப் பகுதியைச் சார்ந்தது என்பர் வேறு சிலர். காலத்தில் ஐயமில்லை. மூன்றாம் குலோத்துங்கச் சோழனுக்கு (1178–1218) உட்பட்ட கங்கர் குலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, முனிவர் நூல் செய்தார். ஐந்திலக்கணமும் வேண்டினான் அவன். நமக்குக் கிடைத்திருப்பவை எழுத்தும் சொல்லுமே. எழுத்தின் தொடக்கத்தில் அசோகின் நிழலில் அமர்ந்த அருகனையும், சொல்லின் தொடக்கத்தில் முக்குடைக்கீழ் எழுந்தருளிய அப்பெருமானையும் வணங்குகிறார்.

ஆயினும் அவர் நேரே எழுத்தைக் கற்பிக்கத் தொடங்கவில்லை. 55 நூற்பாக்கள் கொண்ட பொதுப்பாயிரத்தை முன்னே நிறுத்தினார். நூல் எது, கற்பிப்போர் யார், கற்பிக்கும் முறை என்ன, கேட்போர் யார், கேட்கும் முறை என்ன என்பதே அதன் வரிசை. இவ்வரிசை கூர்ந்து நோக்கத் தக்கது. பள்ளிகளில் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் கடைமாணாக்கர் உவமைகளைச் சொல்லிப் பிள்ளைகளை இடித்துரைக்கும் ஆசிரியர் பலரைக் கண்டிருக்கிறேன். அவற்றுக்கு முன்னரே முனிவர் ஆசிரியராகத் தகாதாரை நிறுத்திவிட்டார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. போட்ட முறையன்றி வேறு முறையில் கழற்காயைக் கொட்டும் குடமும், பஞ்சைச் சிறிது சிறிதாகவே வாங்கிச் சிறிது சிறிதாகவே விடும் பருத்திக் குண்டிகையும் ஆசிரியர்க்குச் சொன்ன உவமைகளே.

கற்பிப்போன் காலமும் இடமும் அறிந்து, விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, கொள்வோனின் கொள்ளும் ஆற்றல் உணர்ந்து, அவன் உளம் கொள்ளும் வகையில் கொடுக்கவேண்டும் என்கிறார். பெரியபாளையம் போன்ற ஊர்களில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் உறக்கக் கண்ணோடு வகுப்பில் அமர்வதுண்டு. கொள்வோன் நிலையை அறிதல் அங்கேதான் தொடங்கவேண்டும். தூங்குவோனையும் சோம்பலுடையோனையும் பாடம் கேட்கத் தகாதார் பட்டியலில் முனிவர் சேர்த்தது உண்மையே. அவ்விடத்தில் அவர் கடுமையானவர்தாம். நாடி வந்தோர்க்கு மட்டும் கற்பித்த காலம் அது. எல்லார்க்கும் கல்வி என்னும் இக்காலத்தில் அந்நூற்பாவை அப்படியே பின்பற்ற இயலாது என்பது என் கருத்து.

மாணாக்கனுக்கு அவர் சொல்லும் பயிற்சியோ இன்றைக்கும் பொருந்தும். குளிர்காய்வோன் தீயிடத்து நிற்பதுபோல மிக நெருங்காமலும் மிக அகலாமலும் ஆசிரியரிடம் பழகவேண்டும். செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலனாகவும் கொண்டு கேட்கவேண்டும். கேட்டதோடு முடிந்ததா? ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரை.

நன்னூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதரும் சமணரே. அவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்தார். அக்காவுக்குத் தம்பியும் தம்பிக்கு அக்காவும் பாடம் சொல்லும் வீட்டில், அந்த எஞ்சிய அரையும் மாலைப்பொழுதிலேயே நடந்துவிடுகிறது.