ஸலாமுக்கு ஏங்கிய பயணி

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களின் பள்ளிவாசல்களில், முகமறியாத வழிப்போக்கரைக் காணுந்தோறும் இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

கி.பி. 1325-இல், தமது 21-ஆம் வயதில், ஹஜ்ஜை நாடி, பெற்றோரைப் பிரிந்து, மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார் அவர். வழியில் ஒரு பயணக் கூட்டத்தோடு சேர்ந்தார். கடுங்காய்ச்சல் கண்டது, கீழே விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டார். தூனிஸ் நகரத்தார் எதிர்கொண்டு வந்து மற்றவர்க்கெல்லாம் ஸலாம் உரைத்தனர், அவருக்கு உரைப்பாரில்லை. அவர் தேம்பி அழுதார். அதை உணர்ந்த ஹஜ் பயணி ஒருவர் நெருங்கி வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை ஆறுதலாக உரையாடி வந்தார்.

பின்னர் மக்கா, டில்லி, நம் மதுரை எனச் சுற்றி, 1349-இல் அவர் ஊர் திரும்புமுன் பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். 1352-இல் ஸஹாராப் பாலைவனத்தையும் கடந்தார்.

அன்பர்களே! அந்நியருக்கு முதல் ஸலாம் நம்முடையதாகட்டும்.