கலாமும் சூஃபியமும்: இமாம் கஸ்ஸாலியின் வாழ்வு வழி ஒரு நோக்கு

முன்னுரை

இடைக்கால இஸ்லாமியச் சிந்தனையில், இறைக்கொள்கையை வாதத்தால் நிறுவும் கலாம் என்னும் இறையியலும், உள்ளத் தூய்மையால் இறையை உணர முயலும் சூஃபிய நெறியும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய காலங்கள் உண்டு. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியைக் குஷைரி முதலியோர் முன்னரே தொடங்கியிருந்தனர். எனினும், அவ்வுறவைத் தம் வாழ்வையே களமாக்கி ஆராய்ந்தவர் இமாம் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (1058–1111). அவர் இறையியலைத் துறந்து சூஃபியத்தைத் தழுவினார் என்னும் பொதுக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது.

கல்வியும் பதவியும்

குராசானின் தூஸ் நகரில் பிறந்த கஸ்ஸாலி, நிஷாபூரில் அஷ்அரியப் பேரறிஞர் ஜுவைனியிடம் பயின்றார். 1085இல் ஆசிரியர் மறைந்தபின் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்கின் ஆதரவைப் பெற்று, 1091இல் பாக்தாத் நிஜாமிய்யாக் கல்லூரியின் பேராசிரியரானார். அங்கு, தத்துவவாதிகளின் கோட்பாடுகளை 20 வினாக்களாகப் பகுத்து மறுத்துத் ‘தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா’ என்னும் நூலை இயற்றினார். அவற்றுள் மூன்றை மட்டுமே இறைமறுப்பு எனத் தீர்ப்பளித்தார்: உலகம் தொடக்கமற்றது, இறைவன் பொதுமைகளையே அறிவான், தனிப்பொருள்களை அறியான், உடலோடு உயிர்த்தெழுதல் இல்லை.

துறவும் தெளிவும்

1095இல், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா புகழுக்காகவா என்னும் வினா அவரை வாட்டியது. ஏறத்தாழ ஆறு மாதம் தத்தளித்தார், பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் செல்லவில்லை, மருத்துவரும் கைவிரித்தனர். ஹஜ் செல்வதாகக் கூறிப் பாக்தாதை நீங்கினார். கல்லூரிப் பொறுப்பைத் தம்பி அஹ்மத் கஸ்ஸாலி ஏற்றார். டமாஸ்கஸ், ஜெருசலம், மக்கா, மதீனா எனச் சென்று தனிமையில் பயின்றார்.

இக்காலத்தில் உருவானதே 40 நூல்களைக் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’. அதன் இரண்டாம் நூல் அஷ்அரியக் கொள்கை விளக்கமாகவே அமைந்திருப்பது கருதத்தக்கது. கலாமை அவர் மருந்தாகக் கொண்டார்: ஐயமாகிய நோயுற்றோர்க்கு அது பயன்தரும், நலமுடையோர்க்கு உணவாகாது. உறுதியான மெய்யறிவு, ‘தௌக்’ எனப்படும் சுவைத்துணர்வால் வருவது. உடல்நலத்தின் இலக்கணம் அறிதலும் நலமாயிருத்தலும் வேறு என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. இந்நூல் அவர் வாழ்நாளிலேயே கோர்டோபாவில், சட்டவல்லுநர்களின் எதிர்ப்பால் எரிக்கப்பட்டது.

மீட்சியும் இறுதியும்

1106இல் ஆட்சியாளரின் வற்புறுத்தலால் நிஷாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர்த் தூஸ் திரும்பி, மாணவர்க்கும் சூஃபிகட்கும் இடமளித்து வாழ்ந்து, 1111 டிசம்பரில் மறைந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் நிறைவுசெய்த ‘இல்ஜாம் அல்-அவாம்’, பொதுமக்கள் கலாமில் இறங்காதிருக்க வேண்டுவதைப் பேசும் நூலாகும்.

முடிவுரை

சூஃபிய அனுபவத்திற்குப் பின்னும் இறுதிவரை இறையியலின் எல்லையை ஆராய்ந்தமை, அதனை அவர் கைவிடவில்லை என்பதற்குச் சான்று. கொள்கையைக் காக்கும் அரணாகக் கலாமையும், அவ்வரணுக்குள் வாழும் வாழ்வாகச் சூஃபியத்தையும் அவர் கண்டார் எனலாம். அவர் மாற்றியது கலாமின் இடத்தையே. அதன் தேவையை அன்று.