யாரும் சம்மதம் கேட்காத அரசி

பொத்துவில் கடற்கரையில், மணல் மேடுகளுக்கு நடுவே, முகுது மகா விகாரையின் இடிபாடுகள் இருக்கின்றன. இந்தப் பெயர் இப்போது பெரும்பாலும் காணிப் பிரச்சினைச் செய்திகளில்தான் அடிபடுகிறது. விகாரைக்கு எவ்வளவு நிலம், ஊருக்கு எவ்வளவு நிலம் என்ற வாதத்துக்குள் நான் இன்று போகவில்லை. அந்தக் கரையில் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். என் மூத்தம்மா அவளைக் கடலில் விட்ட ராசா மகள் என்றுதான் சொல்லுவா. விகாரமகாதேவி என்ற பெயரைப் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில்தான் அறிந்தேன்.

அவளுடைய கதை ஒரு காதலில் தொடங்குகிறது. அது அவளுடைய காதல் அல்ல.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் களனியைத் திஸ்ஸ என்ற மன்னன் ஆண்டான். அவனுடைய தம்பிக்கும் அரசிக்கும் இடையே உறவு இருந்தது. அண்ணனின் கோபத்துக்குப் பயந்து தம்பி வேறிடம் ஓடிப்போனான். ஆனால் அரசியை மறக்கவில்லை. ஒருவனுக்குப் பிக்குவின் வேடமிட்டு, இரகசியக் கடிதத்தோடு அனுப்பினான். அரண்மனைக்கு நாள்தோறும் உணவருந்த வரும் தேரர் ஒருவரின் பின்னால் அவனும் உள்ளே நுழைந்தான். திரும்பும்போது, அரசி பார்க்கும் வேளையில் ஓலையைக் கீழே போட்டான். அது விழுந்த சத்தத்தில் மன்னன் திரும்பிப் பார்த்தான்.

மன்னன் விசாரிக்கவில்லை. ஒன்றும் அறியாத தேரரையும் ஓலை கொண்டுவந்தவனையும் கொன்று கடலில் எறிவித்தான். கடல் பொங்கி நிலத்தை விழுங்கத் தொடங்கியது என்கிறது மகாவம்சம். 2004 டிசம்பர் 26இல் எங்கள் கரையைக் கடல் ஏறி வந்து அள்ளிக்கொண்டு போனதைக் கண்டவர்களுக்கு இந்த இடம் வெறும் கதையாகத் தோன்றாது.

கடலின் சீற்றத்தைத் தணிக்க மன்னன் தன் மகள் தேவியைத் தங்கக் கலம் ஒன்றில் ஏற்றிக் கடலில் விட்டான். காதலித்தவள் தாய், எழுதியவன் சிறியதந்தை, கொன்றவன் தகப்பன். விலை கொடுத்தவள் மகள். கலத்தின் மேல் அரசனின் மகள் என்று எழுதப்பட்டிருந்ததாம். அவளுடைய பெயரைக்கூட எழுதவில்லை.

கலம் ஒரு விகாரையின் அருகே கரை சேர்ந்தது. உருகுணையை ஆண்ட காவன்திஸ்ஸ அவளைப் பட்டத்து அரசியாக்கினான். விகாரையருகே இறங்கியதால் பெயரின் முன்னே விகார என்பது சேர்ந்தது. அந்தக் கரை பொத்துவிலே என்பது இங்குள்ள நம்பிக்கை. அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கிரிந்தையும் அதே உரிமையைக் கோருகிறது.

ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பகுதி முஸ்லிம்களிடையே கல்யாணம் முடிந்தாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட ஊரின் கரையில், திரும்பிப் போக வீடில்லாத ஒருத்தி வந்து இறங்கினாள். அவளைக் கரை சேர்த்தது கடல். மணந்தவன் கரைக்குச் சொந்தக்காரன். அவள் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்று நூல் ஒரு வரியும் எழுதவில்லை.

பிறகு அவள் துட்டகைமுனுவுக்கும் சத்தாதிஸ்ஸவுக்கும் தாயானாள். மூத்தவனைச் சுமந்தபோது, எல்லாளனின் முதல் வீரனுடைய தலையை வெட்டிய வாளைக் கழுவிய நீரைக் குடிக்க ஆசைப்பட்டாள் என்று நூல் சொல்கிறது. அவளுடைய மசக்கைகூடப் போரின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

காவன்திஸ்ஸ இறந்ததும் இளையவன் தாயையும் கந்துல என்ற யானையையும் தீகவாபிக்குக் கொண்டுபோனான். தீகவாபி இன்றைய அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் திருப்பித் தரச் சொல்லி மூத்தவன் கேட்டான். கிடைக்காதபோது அண்ணனும் தம்பியும் போரிட்டார்கள். தாயும் யானையும் ஒரே பட்டியலில் இருந்தன. அதன்பின் தித்தம்பன் என்ற தமிழ்த் தலைவனை 4 மாதம் போரிட்டும் வெல்ல முடியாத துட்டகைமுனு, தாயை அவன் கண்ணில் படும்படி நிறுத்தித் தந்திரத்தால் வென்றான். தகப்பன் ஒருமுறை கலத்தில் ஏற்றினான். மகன் மறுமுறை களத்தில் நிறுத்தினான்.

இன்று கொழும்பில் அவள் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. முன்பு அது விக்டோரியா பூங்கா. வீரத்தாய் என்று அவளைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறவர்களும் காணி அளக்கிறவர்களும் கேட்காத கேள்வி ஒன்று எனக்கு உண்டு. அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

இந்தக் கேள்வி எனக்கு என் நிக்காஹ் நாளில் வந்தது. நான் உள் அறையில் இருந்தேன். முன் மண்டபத்தில் வாப்பா வலியாக ஒப்பமிட்டார், மாப்பிள்ளை ஒப்பமிட்டார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. நான் விருப்பத்தோடுதான் மணமுடித்தேன். வாழ்க்கையும் நல்லபடியாகவே போகிறது. ஆனால் அந்த விருப்பம் எந்தத் தாளிலும் இல்லை. இன்னாரின் மகள் என்பது மட்டும் இருந்தது.

அவளுடைய வம்சத்தில் ஒருவன் தேர்ந்தெடுத்தான். துட்டகைமுனுவின் மகன் சாலி, சண்டாளக் குலத்து அசோகமாலாவை மணந்தான். அதனால் ஆட்சியைப் பொருட்படுத்தவில்லை. கி.மு. 137இல் தகப்பன் இறந்தபோது சிம்மாசனம் சிறியதந்தை சத்தாதிஸ்ஸவுக்குப் போனது. பேரனுக்கு இழக்க ஓர் அரசு இருந்தது. விட்டுக்கொடுத்து விரும்பியதைப் பெற்றான். பாட்டிக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

மூத்தம்மா கதையை முடிக்கும்போது, அந்தப் பிள்ளை பயந்திருக்கும் என்பா. இத்தனை நூல்களைப் படித்த பிறகும், அவளை ஒரு பிள்ளையாக நினைத்துப் பார்த்தவர் மூத்தம்மா ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.