கூலி வாங்காத ஆசான் பிரான்ஸ் லிஸ்ட்

நம் ஆலய ஆர்மோனியத்தில் விரல் பழகும் சிறாருக்கும், அவர்களுக்குப் பொறுமையோடு கற்றுத் தரும் பாடகர் குழுவினருக்கும், பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்டின் வரலாற்றை இம்மலர் வழியே சொல்ல விழைகிறோம்.

அன்று அங்கேரி நாட்டிலும் இன்று ஆஸ்திரியாவிலும் உள்ள ரைடிங் சிற்றூரில் 1811 அக்டோபர் 22-ல் பிறந்தார். தந்தை எஸ்தர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் ஊழியர். மகனுடைய திறமையைக் கண்டு வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். மனம்போனபடி வாசித்த சிறுவனை அங்கே செர்னி என்னும் ஆசான் சுர வரிசைகளிலிருந்து மறுபடி தொடங்கச் செய்தார். கட்டணம் பெற மறுத்துவிட்டார். இந்த நன்றிக்கடனை லிஸ்ட் மறக்கவில்லை. பின்னாளில், 1852-ல் வெளிவந்த தம் அரிய பயிற்சி இசைத் தொகுப்பொன்றைச் செர்னிக்கே காணிக்கையாக்கினார்.

1823-ல் பாரிஸ் சென்றபோது, அயல்நாட்டவர் என்று இசைக்கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. 1827-ல் தந்தை இறந்தார். பதினைந்து வயதுப் பையன் தாயைக் காப்பாற்றக் காலைமுதல் இரவுவரை பாடம் சொல்லி அலைந்தான். 1832-ல் பகனினியின் வயலினைக் கேட்டதும், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவ்வாலிபர் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரற்பயிற்சிக்கே மீண்டும் அமர்ந்தார். கற்றது போதும் என்ற எண்ணம் அவருக்கு வரவேயில்லை.

ஐரோப்பா முழுதும் வாசித்துப் பெரும்பொருள் ஈட்டியவர், 1847-ல் பணத்திற்கு வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்போது வயது முப்பத்தைந்துதான்!

அவர் வாழ்வில் குறையில்லை என்று சொல்ல மாட்டோம். திருமணமின்றி ஒரு சீமாட்டியுடன் வாழ்ந்து மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். அவர்களுள் இருவரை 1859-லும் 1862-லும் இளவயதிலேயே இழந்தார். 1865-ல் உரோமையில் முடிவெட்டுச் சடங்கும் நான்கு சிறுபட்டங்களும் பெற்றார். (வாயில்காப்போர், வாசகர், பேயோட்டுநர், பீடத்துணைவர் என்னும் அப்பட்டங்கள் 1972-ல் மாற்றியமைக்கப்பட்டதால் இளையோர் அறியார்.) குருவாகவில்லை, எனினும் இறுதிவரை கறுப்பு அங்கி அணிந்தார்.

1869 முதல் ஆண்டுதோறும் உரோமை, வைமார், புடாபெஸ்ட் என்று மூன்று நகர்களிடையே பயணம். 1875-ல் புடாபெஸ்டில் தொடங்கிய இசைக்கழகத்திற்கு அவரே முதல் தலைவர். மாணவரைத் தனித்தனியே அழையாமல் ஒரே அறையில் கூட்டுவார். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பர். அவர் திருத்துவார், சில வேளை தாமே வாசித்துக் காட்டுவார். நடுத்தரத் திறமையாளரும் வந்து மொய்த்தனர். யாரிடமும் காசு வாங்கவில்லை.

1881-ல் படியில் விழுந்து உடல் தளர்ந்தது. பின்பு பார்வையும் மங்கியது. பாடம் நிற்கவில்லை. 1886 ஜூலை 31-ல் பைராய்ட்டில் இறந்தார். அவருடைய மாணவர் சிலோட்டி மாஸ்கோவில் ஆசிரியரானார். அவரிடம் பயின்றவரே ராக்மானினாவ்.