ஐன்ஸ்டீனின் சமாதானம்

முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சியம் சொல்பவனை நீதிஸ்தலம் நம்புவதில்லை. ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் சமாதானக் கொள்கையை இவ்வளவுகோல் கொண்டு தள்ளிவிடுவோர் உளர். யுத்தத்தை வெறுத்தவர் பிறகு அணுகுண்டுக்கு வழிகாட்டினார் என்பது அவர்கள் வழக்கு. அதில் சாரம் உண்டா என்பதை அவருடைய வாழ்க்கையைக் கொண்டே விசாரிப்போம்.

1879-ல் ஜெர்மனியில் உல்ம் நகரில் பிறந்த ஐன்ஸ்டீன், பட்டாள சேவையை வெறுத்துப் பதினாறாம் பிராயத்திலேயே ஜெர்மன் பிரஜா உரிமையைத் துறந்தார். 1914-ல் அவர் பெர்லினில் பேராசிரியராக அமர்ந்த சில மாதங்களில் மகாயுத்தம் மூண்டது. பெல்ஜியத்தில் ஜெர்மன் படைகள் நடந்துகொண்ட விதத்தை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு அழைக்க நேரில் சென்ற மாக்ஸ் பிளாங்கும் அவர்களில் ஒருவர். அதற்கு மறுப்பாக, ஐரோப்பியர் ஒன்றுபட வேண்டுமென்று நிகோலாய் என்ற வைத்தியர் எழுதிய அறிக்கையில் கையொப்பமிட்டவர்கள் எத்தனை பேர்? ஐன்ஸ்டீனையும் சேர்த்து நால்வர்! தேசபக்தியின் பெயரால் அறிவு விலைபோன அக்காலத்தில் அவர் காட்டிய இத்தைரியத்தை, சார்புத் தத்துவத்துக்கு ஈடாகவே நாம் மதிக்கிறோம்.

1930-ல் நியூயார்க்கில், பட்டாளத்துக்கு அழைக்கப்படுவோரில் நூற்றுக்கு இருவர் மறுத்தாலே சர்க்கார்கள் செயலற்றுப் போகுமென்று பிரசங்கித்தார். மறு ஆண்டு, லண்டன் வந்திருந்த காந்தியடிகளுக்குத் தமது மதிப்பைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. யூதரான ஐன்ஸ்டீன் ஜெர்மனிக்குத் திரும்பவேயில்லை. தாம் பெல்ஜியராயிருப்பின் அந்நிலையில் ராணுவ சேவையை மறுக்கப்போவதில்லை என்று அவ்வாண்டிலேயே எழுதினார். நேற்றுவரை அவரைக் கொண்டாடிய யுத்த எதிர்ப்பாளர்கள் திகைத்தனர். நமது அபிப்பிராயத்தில் இது முரண் அன்று. சட்டத்தைச் சொல்லிச் சிறையிலிடும் சர்க்காரிடம் பலிக்கும் முறை, சட்டத்தையே கொளுத்திவிட்ட சர்க்காரிடம் பலிக்குமா?

1939 ஆகஸ்டில் இட்ட கையொப்பத்தை மட்டும் அவ்வளவு எளிதில் நாம் விடுவிக்க இயலாது. ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடக்கூடுமென்று ரூஸ்வெல்ட்டை எச்சரித்த கடிதத்தை லியோ ஸிலார்ட் தயாரிக்க, ஐன்ஸ்டீன் ஒப்பமிட்டார். குண்டு வேலையில் அவருக்குப் பங்கில்லை. அமெரிக்க ராணுவம் அவரை நம்பவுமில்லை. எனினும், ஜெர்மனியை அஞ்சித் தொடங்கிய வேலையின் பலன் 1945-ல் ஜப்பான் தலையில் விழுந்தது. ஜெர்மன் அபாயம் ஓரளவு நியாயமாயிற்று என்று கூறியபோதிலும், அக்கையொப்பம் தவறென்றே பிற்காலத்தில் லைனஸ் பாலிங்கிடம் ஒப்புக்கொண்டார்.

1955 ஏப்ரல் 11-ல், யுத்தத்தையே கைவிடும்படி உலக சர்க்கார்களை வேண்டி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வரைந்த அறிக்கையில் ஒப்பமிட்டார். ஏழு நாட்களில் பிரின்ஸ்டனில் காலமானார். ஜூலையில் அவ்வறிக்கை வெளியானபோது அதில் பதினொரு கையொப்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஜப்பானிய விஞ்ஞானி ஹிடேகி யுகாவாவினுடையது.