ரொயோட்டாவைத் தொடங்கிய கீச்சிரோ

ரொயோட்டா கார் தெரியாத ஆட்கள் எங்களுக்குள் இல்லை. ஆனால் அந்தக் கம்பனியைத் தொடங்கிய கீச்சிரோ ரொயோடாவைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. இன்று உலகமெங்கும் தொழிற்சாலைகளும் பெரிய கடைகளும் சாமான்களைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் எடுப்பிக்கின்றன. ஜஸ்ட் இன் டைம் என்னும் இந்த முறைக்கு அத்திவாரம் போட்டவர் இவர்தான்.

கீச்சிரோ 1894இல் யப்பானில் பிறந்தார். தகப்பன் சகிச்சி ஒரு தச்சரின் மகன். நெசவுத்தறிகளைக் கண்டுபிடித்துப் பேரெடுத்தவர். கீச்சிரோ ரோக்கியோவில் பொறியியல் படித்துவிட்டுத் தகப்பனுடன் சேர்ந்தார். 1929இல் அவர்களுடைய தானியங்கித் தறியின் உரிமையை இங்கிலாந்துக் கம்பனி ஒன்று ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்கியது. கீச்சிரோவின் மனமோ காரிலேயே கிடந்தது. 1933இல் தறிக் கம்பனிக்குள் வாகனப் பகுதியைத் திறந்தார். 1937இல் அது தனிக் கம்பனியானது.

அமெரிக்கக் கம்பனிகளிடம் இருந்த பணம் இவரிடம் இல்லை. பாகங்களை வாங்கி அடுக்கினால் கைமுதல் எல்லாம் களஞ்சியத்தில் முடங்கிவிடும். ஆகவே 1938இல் கொரோமோ என்ற ஊரில் புதிய தொழிற்சாலை திறந்தபோது, அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தால் போதும் எண்டு ஒழுங்கு செய்தார். அதை விளக்கி நாலு அங்குலத் தடிப்பில் கைநூலும் எழுதினார்.

ஆனால் சீனாவுடன் யுத்தம் ஏற்கனவே தொடங்கிவிட்டது. இரும்பு முதலிய பொருட்கள் அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் போயின. வரவேண்டிய சாமான் சொன்ன நாளில் வராவிட்டால் இந்த முறை ஓடாது. அவருடைய திட்டம் நின்றுபோனது. 1945 ஆகஸ்ட் 14இல், சரணடைவுக்கு முதல்நாள், குண்டுவீச்சில் தொழிற்சாலையின் காற்பங்கு அழிந்தது.

யுத்தத்துக்குப் பிறகு கார் வாங்கச் சனத்திடம் காசில்லை. கம்பனி கடனில் மூழ்கியது. ஒருவரையும் வேலையால் நிறுத்துவதில்லை எண்டு கீச்சிரோ தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1950இல் 1,600 பேரை நிறுத்தவேண்டி வந்தது; வேலைநிறுத்தம் மூண்டது. பொறுப்பேற்றுத் தலைவர் பதவியைத் துறந்தார். அதே மாதம் கொரிய யுத்தம் தொடங்க, லொறிகளுக்குக் கட்டளைகள் வந்து குவிந்தன. அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் பதவி ஏற்கமுதலே, 1952 மார்ச்சில், 57 வயதில் இறந்துபோனார். அவருடைய எண்ணத்தைப் பிறகு தைச்சி ஓனோ என்பவர் முழுமையாக்கினார்.

யுத்தகாலத்தில் தெரிந்த பலவீனம் பிறகும் மாறவில்லை. 1997இல் பிரேக்குக்கான சிறு வால்வு செய்த தொழிற்சாலை ஒன்று எரிந்தது. இரண்டு மூன்று நாட்களுக்கான வால்வுகளே கையிருப்பில் இருந்ததால் யப்பானில் ரொயோட்டா ஏறக்குறைய முழுதாக நின்றது. அயற் கம்பனிகள் தங்கள் மெசின்களில் வால்வு செய்து கொடுத்தபடியால்தான் ஒரு கிழமையளவில் எழும்பியது. 2011 பூகம்பத்தில் திரும்பவும் நின்றது. அதற்குப் பிறகு இலத்திரனியல் சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குச் சேமித்து வைக்கும்படி ரொயோட்டாவே ஒழுங்கு செய்தது. அதனால் 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களைவிடக் கூடநாள் தாக்குப்பிடித்தது. ஆனாலும் செப்ரெம்பரில் உற்பத்தியை 40 வீதம் குறைக்க நேர்ந்தது.

2020இல் கொரோனா வந்தபோது நாங்கள் வாழும் நாடுகளிலும் கடைத்தட்டுகள் வெறுமையானதைப் பார்த்தோம். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்து வந்த எங்கள் பெரியவர்களுக்கு அது புதிதல்ல. அரிசியும் பருப்பும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கும் அம்மாமாரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவேண்டாம். கீச்சிரோவின் கம்பனியும் கடைசியில் அதைத்தான் செய்தது.