மாரிஸ் மார்த்தனோ

மின்சாரத்தால் ஒலி பிறப்பித்தல் அரிதன்று. அவ்வொலியில் வாசிப்போனது உள்ளம் புலப்படச் செய்தலே அரிது. அவ்வரிய பணியில் நெடுங்காலம் உழைத்த மாரிஸ் மார்த்தனோ என்பவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1898-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பாரிஸ் நகரிற் பிறந்தார். செல்லோ என்னும் நரம்பு வாத்தியத்திற் பயிற்சி மிக்கவர். முதல் உலக யுத்தத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் ஊழியம் புரிந்தபோது, வால்வுகளினின்றும் எழுந்த தூய ஒலி இவர் செவியைக் கவர்ந்தது. பிறர் பொருட்படுத்தாத அவ்வோசையே இவர்க்குச் சங்கீதத்தின் வித்தாயிற்று.

செவிக்கெட்டாத அதிவேக மின்னதிர்வுகள் இரண்டனைக் கலப்பின், அவற்றின் வேற்றுமைக்கேற்ப நாம் கேட்கத்தக்க சுரமொன்று தோன்றும். இவ்வுண்மையை ருஷிய தேசத்துத் தெரமின் என்பவரும் கையாண்டார். ஆயின், அவரது வாத்தியத்தைத் தொடாமல் வெறுவெளியிற் கைகளை அசைத்தே வாசித்தல் வேண்டும். சுரத்தானம் காட்டும் அடையாளம் யாதுமில்லை. நரம்பிற் பழகிய மார்த்தனோவோ விரலுக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டுமெனக் கருதினார்.

1928-இல் பாரிஸ் ஆப்பெரா மண்டபத்தில் இவரது வாத்தியம் அரங்கேறியது. பின்னர்த் திருத்தம் பெற்ற வடிவில், நாடாவொன்றிற் பிணைத்த மோதிரத்தை வலக்கை விரலில் அணிந்து, சுரக்கட்டைகளின் முன்னே நகர்த்துவர். சுரம் சுரத்தோடு இழைந்து செல்லும். கட்டைகளை அழுத்தியும் வாசிக்கலாம். பக்கவாட்டில் மெல்ல அசைப்பின் சுரம் நடுங்கும். இடக்கை ஒரு சிறு கட்டையை அழுத்தும். அழுத்தாவிடின் ஒலியில்லை, மெல்ல அழுத்தின் மெல்லொலி, மிக அழுத்தின் பேரொலி. செல்லோவின் வில்லேந்தும் கையின் நுட்பமெல்லாம் இச்சிறு கட்டையுட் புகுந்ததென்னலாம்.

1947-இல் பாரிஸ் நகரத்து அரசாங்க சங்கீதக் கலாசாலையில் இவ்வாத்தியத்திற்கு வகுப்புத் தொடங்க, இவரே ஆசிரியரானார். மெசியான் இயற்றிய துரங்கலீலா சிம்பொனி 1949-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அரங்கேறியபோது, இவர் சகோதரி ஜினெட் இதனை வாசித்தார்.

1980-இல் மார்த்தனோ காலமானார். 1988-இல் இவ்வாத்தியத்தின் உற்பத்தியும் நின்றது. எனினும், பயின்றோர் அதனைக் கைவிட்டிலர். பின்வந்தோர் சிலர் முயன்று மீண்டும் செய்தனர். புது வாத்தியங்கள் பல தோன்றி மறைய, இது நிலைத்தது எற்றுக்கு? விஞ்ஞானம் தந்த ஒலியோடு மார்த்தனோ அமைதியுற்றிலர். அதனை ஆளும் விரலையும் கருதினார். பௌதிகமும் கலையும் பயிலும் நாம் ஒன்றையொன்று புறக்கணித்தல் தகாதென்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.